பாய்லர் கதவில் மூன்று சொற்கள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் "மியூசியத்துல டெக்னிக்கல்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். விளக்கப் போனால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் என் மனைவி விடமாட்டாள். விருந்துக்குப் போகிற வீட்டிலெல்லாம் ஆரம்பித்துவிடுவாள். "உலகத்துல எல்லாரும் இரும்புல தண்ணி படாம பாத்துக்குவாங்க. இவரு தண்ணியிலயே முக்கி வச்சுப் பாத்துக்கறாரு. அதுக்கு ஒரு விசா, ஒரு சம்பளம்!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

விஷயம் இதுதான். நூறு வருஷத்துக்கும் முன்பு ஏதோ ஒரு போரில் மூழ்கிப்போன கப்பல் ஒன்றை இந்த வளைகுடாக் கடலிலிருந்து எடுத்தார்கள். உடம்பெல்லாம் இரும்புத் தகடு அடித்த போர்க்கப்பல். எந்த நாட்டுக் கப்பல், யார் சுட்டார்கள் என்பதெல்லாம் மியூசியத்துப் பலகையில் எழுதியிருக்கிறது. எந்த மியூசியம் என்பதை நான் சொல்லப் போவதில்லை. இன்னும் நான் இங்கே பிழைக்க வேண்டியிருக்கிறது. கப்பலை முழுசாக எடுக்க முடியவில்லை. துண்டு துண்டாக அறுத்துத் தூக்கி, ராஸ் அல் கைமா பக்கம், சிமெண்ட் ஃபேக்டரிகளுக்கு நடுவில் ஒரு ஷெட்டில், வரிசையாகத் தொட்டிகள் கட்டி அதில் போட்டார்கள். அந்தத் தொட்டிகளுக்கு ஆள் நான்.

அதற்கு முன்னால் எட்டு வருஷம் இன்னொரு வளைகுடா நாட்டில், ராஸ் லஃபானில் கேஸ் குழாய்கள் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ப்ராஜெக்ட் முடிந்ததும் கலாஸ், வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். துருவைப் பற்றித் தெரிந்தவன் வேண்டும் என்று இந்தக் காண்ட்ராக்ட் கம்பெனி கூப்பிட்டது, வந்துவிட்டேன். குழாய் உடைந்தால் இன்னொரு குழாய் போடலாம். இங்கே அப்படி இல்லை என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

கடலில் நூறு வருஷம் கிடந்த இரும்பு பார்க்கத் திடமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் உள்ளேயெல்லாம் உப்பு போய் உட்கார்ந்திருக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் காற்றும் ஈரமும் பட்டு அந்த உப்பு உள்ளேயிருந்தே அரிக்கத் தொடங்கும். மேல்தோல் பொருக்குப் பொருக்காக எழும்பி உதிர்ந்துவிடும். அதனால் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் போட்டு, கொஞ்சமாகக் கரண்ட் கொடுத்து, உப்பை இழுக்க வேண்டும். நாம் மாங்காயில் உப்பை ஏற்றுகிறோமே, அதற்கு நேர் எதிர் வேலை. வாரத்துக்கு ஒருதரம் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். தண்ணீரை மாற்றுவேன். மறுபடி பார்ப்பேன். சில துண்டுகளுக்கு மூன்று வருஷம், சிலதுக்கு ஐந்து. அவசரப்பட்டால் காரியம் கெட்டது. வருஷத்துக்கு இரண்டு தடவை ஐரோப்பாவிலிருந்து ஒரு அம்மாள் ஆலோசகராக வருவார். ஒவ்வொரு தொட்டியையும் பார்த்துவிட்டு, போகும்போது தவறாமல் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிவிட்டுப் போவார். உப்பு நம்பர் இறங்காமல் எதையும் வெளியே எடுக்காதே.

ஏழாவது தொட்டியில் இருந்தது ஒரு பாய்லர் கதவு. கரி தள்ளுகிறவர்கள் திறந்து திறந்து மூடுகிற அடுப்புக் கதவு. ஒரு பெரிய தாம்பாளத்தளவு இருக்கும். வார்ப்பிரும்பு. இந்த வார்ப்பிரும்பு இருக்கிறதே, இதுதான் எங்கள் தொழிலில் பொல்லாதது. கடல் அதிலுள்ள இரும்பையெல்லாம் தின்றுவிட்டுக் கரியை மட்டும் விட்டுவைக்கும். உருவம் அப்படியே இருக்கும், ஒரு கீறல்கூட மாறாது. ஆனால் மேலே நகத்தை வைத்து அழுத்தினால் பென்சில் முனை மாதிரி கறுப்பாக ஒட்டும்.

அதன் மேல் ஒட்டியிருந்த சிப்பியையும் சுண்ணாம்பையும் நான்தான் ஒரு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். ஒருநாள் அடியில் புள்ளி புள்ளியாக என்னமோ தெரிந்தது. யாரோ ஆணியையோ உளியையோ வைத்துத் தட்டித் தட்டி எழுதியிருக்கிறார்கள். அரபி எழுத்து. ஒரே ஒரு வரி. மியூசியத்திலிருந்து அரபிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். எழுத்து எங்களுடையது, வார்த்தை எங்களுடையது இல்லை, புள்ளிகளும் தப்புத் தப்பாக இருக்கிறது என்றார்கள். ஃபார்சியாக இருக்கலாம் என்றார் ஒருவர். எங்கள் பட்டாணி டிரைவர் உற்றுப் பார்த்துவிட்டு, "உருது நஹி ஹே பாய், மாலூம் நஹி" என்று, உருதும் இல்லை, தனக்குத் தெரியாது என்று கையை விரித்தான். ரிப்போர்ட்டில் "படிக்க முடியவில்லை" என்று எழுதிக்கொண்டோம்.

நான் குடியிருப்பது முவைலாவில். பில்டிங்குக்குக் கீழே ஒரு கிராசரி. கடைக்காரர் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர ஊர்க்காரர். என் வயதுதான் இருக்கும். நான் அவரை பாய் என்பேன்; அவர் என்னை "எஞ்சினியரே" என்று நக்கலாகக் கூப்பிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை பால் வாங்கப் போனவன், கடையில் கூட்டமில்லாததால், போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன்.

"பாய், நீங்க அரபி ஓதுவீங்கல்ல. இது என்னன்னு பாருங்க. அங்க ஒருத்தனுக்கும் தெரியல."

வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு போனைக் கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது அரபி இல்ல எஞ்சினியரே. தமிழு."

"என்னய்யா விளையாடுறீங்களா?"

"எழுத்துதான் அரபி. பேச்சு தமிழு. எங்க உம்மா ஓதுற கிதாபெல்லாம் இப்பிடித்தான் ஈக்கும். அரபுத்தமிழ்னு சொல்லுவோம். தால்ங்கிற எழுத்துக்குக் கீழ புள்ளி வச்சீக்கிறான் பாருங்க, அரபியில ஏது இப்பிடி? அதுதான் நம்ம 'டு'." விரலை ஸ்கிரீனில் வைத்து வலமிருந்து இடமாக நகர்த்தினார். "சூடு. தாங்கலெ. உம்மா."

சூடு தாங்கலெ உம்மா. அவ்வளவுதான் அந்த வரி. பெயர் இல்லை, தேதி இல்லை, ஊர் இல்லை. இந்தக் கடலில், கோடைக் காலத்தில், இரும்புக் கப்பலின் அடிவயிற்றில் அடுப்புக்கு முன்னால் நின்றவன் எழுதியது. அடுப்பு அணைந்திருந்த ஏதோ ஒரு துறைமுகத்தில் உட்கார்ந்து தட்டியிருப்பான் போல. ஷெட்டில் ஜூலை மாதம் நாற்பத்தெட்டு டிகிரியில் நின்றுகொண்டு நானும் அம்மாவிடம் போனில், "சூடெல்லாம் ஒண்ணுமில்லம்மா, ஏசி இருக்கு" என்று சொன்னவன்தான்.

பாய்க்கு அது வேறு மாதிரி போய் இறங்கியது. அவருடைய உம்மாவின் குடும்பத்தில் ஒருவர், உம்மாவுக்குப் பாட்டனார் முறை, போர்க் காலத்தில் கரி தள்ளும் வேலைக்குக் கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லையாம். அடக்கம் பண்ணக் கபுரு இல்லாத மனுஷர் என்று வீட்டில் சொல்வார்களாம். "அவராத்தான் ஈக்கணும்னு நான் சொல்லல. எங்க ஊருலேர்ந்து எத்தனயோ பேரு போனாங்க. ஆனா எங்க ஆளுதான். இது எங்க ஆளுதான்." அங்கேயே உம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

அந்த அம்மாவுக்குக் கண் இரண்டும் மங்கிவிட்டது. போட்டோ அனுப்பிப் பிரயோஜனமில்லை. மகன் படித்துச் சொன்னதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "தட்டித் தட்டி எழுதினதா? பள்ளம் பள்ளமா ஈக்கிதா?" என்று கேட்டார்.

"ஆமா உம்மா."

"அப்ப விரலால தடவினா எனக்கு வெளங்கும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் போன் பக்கம் குனிந்து, இப்போது தொட முடியாது, மாவாக இருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம் தண்ணீரில் இருந்தால்தான் திடமாக வெளியே எடுக்கலாம் என்று சொன்னேன். "எடுத்ததும் ஒரு நாள் நானே உங்களக் கூட்டிட்டுப் போய்த் தொட வைக்கிறேன்மா" என்றேன். யார் கேட்டார்கள் என்னை? ஆனால் சொன்னேன்.

"ரெண்டு வருஷந்தானே வாப்பா. உசுரோட ஈந்துட்டுப் போறேன்" என்றார். அவர்கள் ஊரில் மகன் வயதுக்காரர்களையும் பாசமாக, அப்பா என்கிற பொருளில், வாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். தினம் தொட்டியைப் பார்த்து, வாரம் ஒரு பாட்டில் எடுத்து, இரண்டு வருஷத்தை ஓட்டியிருக்க வேண்டும். என் நாக்கில் சனி. அன்று சாயங்காலமே அந்தப் படத்தை எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். நூற்றுக்கணக்கான பேர் உள்ள குரூப். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றை நான் சுரண்டி எடுத்திருக்கிறேன், அது தமிழாக இருக்கிறது. இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

நம் ஆட்களைப் பற்றித் தெரியாதா? அரை மணி நேரத்தில் அது என்னிடமே வேறொரு குரூப் வழியாகத் திரும்பி வந்தது. "வளைகுடாக் கடலுக்கடியில் தமிழ்! தமிழன் கால் படாத கடல் இல்லை! பெருமையுடன் பகிர்வோம்!" சிவப்பு அம்புக்குறி போட்டிருந்தார்கள். மறுநாள் காலை அது ஆயிரம் வருஷப் பழமையானதாகிவிட்டது. மத்தியானத்துக்குள் சோழர் கப்பலாகிவிட்டது. பாய்லர் வைத்த சோழர் கப்பல்! குடும்ப குரூப்பில் என் மச்சான், "உங்க ஊர்ல ஏதோ கண்டுபிடிச்சிருக்காங்களாமே" என்று எனக்கே அனுப்பினான். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாள் சிரித்ததுதான்.

மூன்றாம் நாள் ஏதோ ஒரு ஆங்கில இணையப் பத்திரிகையில் சோழரை எடுத்துவிட்டு விஷயத்தை ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். நான்காம் நாள் மியூசியம் மேனேஜர் கூப்பிட்டார்.

மேனேஜரை நான் திட்டுவேன் என்று நினைக்காதீர்கள். நல்ல மனிதர். நோன்பு நேரத்தில் ஷெட்டில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் பேரீச்சம்பழமும் மோரும் தன் கையால் கொடுப்பார். அதுதான் எனக்குக் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் மனசுக்குள்ளாவது நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அன்று எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பீரங்கி, இத்தனை தகடு வைத்திருக்கிறோம், பார்க்கிறவனுக்கு இரும்புக் குப்பைதான். இந்த ஒரு கதவுதான் மியூசியத்துக்கே உயிர் என்றார். இந்த நாட்டில் வெயிலில் நின்ற ஒவ்வொருவனுக்கும் அந்த வரி புரியும் என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

"நுழைந்ததும் நடு ஹாலில் அதுதான். தனிக் கண்ணாடிப் பெட்டி. எப்போது ரெடியாகும்?"

"இரண்டு வருஷம் சார்."

சிரித்தார். "திறப்பு விழா ஏழு வாரத்தில்."

முடியாது சார் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு நம்பரைக் காட்டினேன். வெளியே எடுத்தால் எழுத்து இருக்கிற தோல்தான் முதலில் போகும் என்று காகிதத்தில் படம் போட்டேன். அப்படியே தொட்டியோடு வைக்கலாம் சார், கண்ணாடித் தொட்டியில் சோடாத் தண்ணீரோடு, பல ஊர்களில் அப்படித்தான் வைக்கிறார்கள் என்றேன். அந்த யோசனையை மேலதிகாரிகளிடம் கொண்டுபோய் ஒரு வாரம் பேசினார். பதில் வந்தது. தண்ணீர் பழுப்பாகத் தெரிகிறது, மீன் தொட்டி மாதிரி இருக்கிறது, விருந்தாளிகள் படம் எடுத்தால் விழாது.

ஆலோசகர் அம்மாளுக்கு மெயில் போட்டேன். அவர் அன்றே சிவப்பு எழுத்தில், கொட்டை கொட்டையாக, எடுக்கவே கூடாது என்று எல்லோருக்கும் எழுதினார். மேலேயிருந்து ஒரே வரிப் பதில்: நன்றியுடன் குறித்துக்கொண்டோம். அந்த வரியைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இந்த வளைகுடாவில் பதினைந்து வருஷமாக நான் பார்த்த எல்லா "முடியாது"களும் இப்படித்தான் செத்துப் போயின.

வீட்டில் சத்தம் போட்டேன். "நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்ன பண்ணுவானுங்க?"

"விசாவ கேன்சல் பண்ணுவாங்க" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "புள்ள பத்தாவது. நடு வருஷத்துல எங்க கொண்டு போய்ச் சேக்கிறது? திருச்சியிலயா? அவளுக்குத் தமிழ்ல பேரு எழுதவே வராது." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போடலன்னா வேற எவனாவது போடுவான். உங்க அளவுக்குக்கூட அவனுக்கு அந்தக் கதவு மேல பாசம் இருக்காது."

அது உண்மையாகவும் இருந்தது, எனக்கு வசதியாகவும் இருந்தது.

கண்டிஷன் ரிப்போர்ட் என்று ஒரு காகிதம் உண்டு. பொருள் எந்த நிலையில் கைமாறியது என்று எழுதுவது. நான் "நிலையாக இல்லை" என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் புதிதாக டைப் அடித்து வந்தது: "ஒப்படைக்கும் நேரத்தில் நிலையாக உள்ளது." ஒப்படைக்கும் நேரத்தில் அது நிலையாகத்தான் இருந்தது. பொய்யென்று எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் போல அழகாகவே விழுந்தது.

இதில் என்னைக் கொன்றது கடைக்கார பாய்தான். சீக்கிரம் எடுக்கிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்குப் போனதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. நான் ஏதோ பெரிய இடத்தில் பேசி, அவருடைய உம்மாவுக்காகவே காரியத்தை முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷம்னு எங்களயெல்லாம் பயமுறுத்திட்டு ரெண்டே மாசத்துல முடிச்சிட்டீங்களே, கில்லாடி எஞ்சினியரே!" கடையில் என்னிடம் தயிருக்குக் காசு வாங்க மறுத்தார். எடுத்தால் உதிர்ந்துவிடும் பாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு குழந்தை சிப்ஸ் கேட்டு வந்தது. அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது நான் வேறு எதையோ சொன்னேன்.

"உம்மாவ சீக்கிரம் கூட்டிட்டு வாங்க பாய்."

"பாஸ்போர்ட் புதுப்பிக்கணும். சுகர் கொஞ்சம் எறங்கணும். தங்கச்சி மவ நிக்காஹ் வேற ஈக்கிது. அவசரம் என்னங்க? நூறு வருஷமா எங்கயும் போவாதது இனிமேத்தான் போவப் போவுதா?"

கதவைத் தொட்டியிலிருந்து நான்தான் எடுத்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் தண்ணீரை வெளியேற்றினேன். கறுப்பாக மருந்து பூசினேன். மெல்லிய மெழுகு கொடுத்தேன். மிச்சமிருந்த வாரங்களில் ஒரு மனிதனால் என்னவெல்லாம் முடியுமோ அத்தனையும் செய்தேன். ஈரமே புகாத பெட்டி ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அது வரவில்லை. தற்காலிகமாக ஒரு பெட்டி வந்தது. பார்க்கப் பிரமாதமாக இருந்தது. மேலே நாலு விளக்கு. கீழ் மூலையில் என் சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. நான் சுவரோரமாக நின்றேன். பெரியவர்கள் வந்தார்கள், கதவின் முன்னால் நின்றார்கள். ஒருவர் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியும் பளிச்சென்று தெரிந்தது. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. நாம்தான் வீணாகப் பயந்துவிட்டோமோ? நம்பர் எல்லாம் சும்மாவோ? கடவுளே, நான் சொன்னது பொய்யாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேலையில் நான் தப்பென்று ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

மூன்றாவது வாரம் கதவு வியர்த்தது. எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். ஆரஞ்சு நிறத்தில் குண்டூசித் தலை போலச் சின்னச் சின்னத் துளிகள். போட்டோ எடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் ஒரு குழு வருகிறது, அது போனதும் பார்க்கலாம் என்றார் மேனேஜர். குழு வந்தது, போனது. அடுத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். நான் தினமும் வேலை முடிந்து ஒரு மணி நேரம் வண்டியோட்டிப் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். நின்று என்ன செய்ய? சாவி என்னிடம் இல்லை. 'சூடு' என்ற சொல்லின் மேல் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மறுநாள் அது 'தாங்கலெ' வரை போயிருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது போல இருந்தது.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டிப் பெருக்குகிறவர் பார்த்துச் சொன்னார், பெட்டிக்குள் கீழே குப்பை கிடக்கிறது என்று. நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். மேல்தோல் பாதி விழுந்திருந்தது. மீதியைக் காப்பாற்றலாம் என்று அடியில் கை கொடுத்தேன். முழுசும் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. சத்தமே இல்லை. மேனேஜர் பக்கத்தில்தான் நின்றார். குனிந்து என் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நீ சொன்னாய்" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கோபம்கூட வரவில்லை.

துண்டுகளைப் பொறுக்கினேன். கையளவு ஒன்று, மற்றதெல்லாம் நகத்தளவு, சில வெறும் தூள். கீழே விழுந்ததிலும் என் கையில் உடைந்ததிலும் புள்ளிகள் எல்லாம் நசுங்கியிருந்தன. எது எழுத்து, எது உதிர்ந்த குழி என்று தெரியவில்லை. மியூசியத்துக்குப் பின்னால் எங்களுக்கென்று இருந்த அறையில், பழைய போட்டோவை வைத்து இரண்டு நாள் பொருத்திப் பார்த்தேன். ஒன்றுகூடச் சேரவில்லை. பஞ்சு விரித்த தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டேன். நாற்பத்து மூன்று. கடைசி நம்பரை எழுதிக்கொண்டிருக்கும்போது பாயின் போன் வந்தது.

"எஞ்சினியரே, உம்மா எறங்கிட்டாங்க! ஏர்போர்ட்டுலேர்ந்து வந்துக்கிட்டீக்கிறோம்."

அன்றும் நான் சொல்லவில்லை. என்னைக் கோழை என்று சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் போனை எடுக்காமல், கடைப் பக்கமே போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் பாய் கடையை மூடிவிட்டு, உம்மாவை வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு மியூசியத்துக்கே வந்துவிட்டார். நடு ஹாலில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே தோலுரிந்த கதவு, பக்கத்தில் எழுத்தின் பெரிய போட்டோ. பாய் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தை நான் எப்படிச் சொல்வது? உம்மாவுக்குக் கண் தெரியாததால் இன்னும் சிரித்த முகமாக இருந்தார். "வந்துட்டோமா? எங்க ஈக்கிது?" என்று கையை நீட்டினார்.

நான் வீல்சேரின் பிடியை வாங்கி, பின்னால் எங்கள் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், உப்பு, நான் வாட்ஸ்அப்பில் போட்டது, கையெழுத்துப் போட்டது, ஒன்றையும் விடவில்லை. பாய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். எஞ்சினியரே என்று கூப்பிடவில்லை.

உம்மா நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"இதுல எந்தத் துண்டுல வாப்பா 'உம்மா'ன்னு ஈக்கிது?"

ஏதாவது ஒன்றைக் காட்டியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியும்? காட்டக் கையை நீட்டியும்விட்டேன். அந்த முகத்துக்கு நேரே பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியலம்மா. எனக்குத் தெரியல."

"சரி. அப்ப எல்லாத்தயும் தொட்டுடுறேன்" என்றார்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முதல் துண்டிலிருந்து ஆரம்பித்தார். ஆள்காட்டி விரலை வைத்து மெல்ல அழுத்துவார், வாய்க்குள் ஏதோ ஓதுவார், அடுத்ததுக்குப் போவார். ஒவ்வொன்று தொடும்போதும் விளிம்பு கொஞ்சம் நொறுங்கியது. விரல் நுனி கறுத்துக்கொண்டே வந்தது. வெறுங்கையால் தொடக் கூடாது என்பது எங்கள் அறையின் முதல் விதி. கதவிலேயே ஒட்டியிருக்கிறது. கையுறைப் பெட்டி என் பக்கத்து மேஜையில்தான் இருந்தது. நாற்பத்து மூன்றையும் அவர் தொட்டு முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.